ஒப்பு ரத்தம்

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் பழுது எண்ணைக் கேட்கிறார்கள். பத்துப் பொருத்தமும் கூடி வந்து, எண் ஒன்றரையைத் தாண்டியதால் நின்றுபோன கல்யாணங்கள் எனக்கே நாலைந்து தெரியும். தெரியும் என்றால் பேப்பரில் படித்ததுதான். நேரில் எனக்குத் தெரிந்த கல்யாணங்கள் குறைவு. ஆனால் அந்த எண்ணைக் கண்டுபிடித்த மூன்று பேரில் நான் ஒருத்தி. மற்ற இருவரில் ஒருவர் அமெரிக்கா போய்விட்டார், இன்னொருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விஷயம் எளிது. நம் செல்களுக்குள் இருக்கிற டிஎன்ஏ தினமும் அங்கங்கே அறுந்துகொண்டுதான் இருக்கிறது. வெயில், புகை, சாயத் தண்ணீர், வயசு, எல்லாமே காரணம். அறுந்த இடத்தில் ஒரு புரதம் போய் ‘இங்கே பழுது’ என்று கொடி நடும். அதைப் பார்த்து மற்ற புரதங்கள் ஓடிவந்து ஒட்டுப்போடும். ஒட்டு கோணலாக விழுந்த இடத்தில்தான் பிற்பாடு புற்றுநோய் முளைக்கிறது. நாங்கள் செய்தது கொடிகளை எண்ணுகிற ஒரு கருவி. ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிடம், ஒரு எண்.

கருவிக்குக் கருவி கொஞ்சம் கூடக்குறைய எண்ணும். ஆகவே மாநிலத்தில் இருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு மையங்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கோயம்புத்தூரில் உள்ள எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு குப்பி போகும். அதில் இருப்பது ஆரோக்கியமான மனித ரத்தம். அதன் பழுதை ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றவர்களை அளப்பார்கள். இரண்டு வந்தால் இரண்டு மடங்கு பழுது. இரண்டுக்கு மேலே போனால் அரசாங்கம் வருஷத்துக்கு இரண்டு முறை முழு உடல் ஸ்கேன் இலவசமாக எடுக்கும். இரண்டுக்குக் கீழே என்றால் போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிடும்.

குப்பியின் மேல் ‘ஒப்பு-1’ என்று ஒட்டியிருக்கும். அது யாருடைய ரத்தம் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. என்னுடையது.

அப்படித் திட்டமிடவில்லை. ஐம்பது பேரின் ரத்தத்தைக் கலந்து செய்வதாகத்தான் ஏற்பாடு. தொடக்க விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தக் கலவை கெட்டுப்போனது. ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல ரத்தம் கொஞ்சம் தேவைப்பட்டால் யோசிக்காமல் கையை நீட்டிவிடுவோம். நானும் நீட்டினேன். தற்காலிகமாக என்றுதான் கோப்பில் எழுதினேன். அது ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

மறுபடி ஐம்பது பேரைத் திரட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஐம்பது பேரிடம் போய்க் கேட்க வேண்டும். ஒருவரிடம் ஒன்று கேட்பதற்கே எனக்கு நாலு நாள் ஒத்திகை தேவைப்படும். கல்யாணம் ஆகவில்லை. பெரிய சோகக் கதை எதுவும் கிடையாது, நேரம் போய்விட்டது, அவ்வளவுதான். என் கை என்னோடு இருந்தது, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே ஊசி குத்தி நானே பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டேன். என் பழுது அட்டையில் என் எண் எப்போதும் ஒன்று புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம். எப்படி வேறாக இருக்கும்?

இந்த ஒன்பது வருஷத்தில் மாநிலத்தின் சராசரி எண் ஒவ்வொரு வருஷமும் குறைந்தது. ஆறுகள் சுத்தமாகிவிட்டன என்று ஒரு அமைச்சர் பேசினார். எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அது இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கிறது.

பாப்பாத்தி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பகல். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர், ஐம்பது வயதிருக்கும், விரல் நுனிகளில் நீலம் ஏறி நிலைத்திருந்தது. பழுது அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் எங்கள் ஆய்வகத்தின் விலாசம் இருக்கும். ஒன்பது வருஷத்தில் அதைப் படித்துப் பார்த்து பஸ் ஏறி வந்த முதல் ஆள் அவர்தான்.

“ஏனுங்க, இந்த நெம்பரு போடறது நீங்கதானுங்களா?”

“நாங்க போடறதில்லம்மா. மையத்துல போடுவாங்க. நாங்க அளவு மட்டும் அனுப்புவோம்.”

“அப்ப நீங்கதானுங்க” என்றவர், நான் உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். அட்டையை மேசைமேல் வைத்தார். நாலு வருஷத்துக்கு முன் 2.4. பிறகு 2.3, 2.1. இரண்டு வருஷத்துக்கு முன் 1.98. இப்போது 1.8.

“குறைஞ்சிருக்கே, நல்லதுதானே?”

“அதைத்தானுங்க கேக்க வந்தன். நான் பதினேழு வருசமா அதே பட்டறையில, அதே தொட்டித் தண்ணியில கைய வெச்சுட்டு நிக்கறன். மேக்கொண்டு வயசும் ஆவுது. எப்படிங்க குறையும்? எனக்கு மட்டும் குறைஞ்சா சாமி புண்ணியம்னு உட்டரலாம். எங்க பட்டறை லைன்ல பன்னெண்டு பேருக்கும் குறைஞ்சிருக்குது. பன்னெண்டு பேருக்குமா சாமி கண்ணத் தொறக்கும்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ரெண்டுக்குக் கீழ போனதும் ஸ்கேன நிறுத்திப்போட்டாங்க. இப்ப மூணு மாசமா ஒண்ணுக்குப் போறப்ப ரத்தமா போகுதுங். ஆசுபத்திரிக்குப் போனா, அட்டையப் பாத்துட்டு, ஒண்ணு புள்ளி எட்டுதான், பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல, ஒடம்புச் சூடு, எளநி குடிங்கங்கறாங்க. எத்தன எளநிங்க குடிக்கறது?”

சாயப்பட்டறைக்காரர்களுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வருவது நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷத்துப் பிள்ளைக்கே தெரியும். ஆனால் கையில் ஒரு எண் இருக்கும்போது யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. நான் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். ஆளைக் கழிப்பதற்காகத்தான் சொன்னேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் என்னைவிட்டுப் போகவில்லை. ஒருவருக்குக் குறைந்தால் உடம்பு. பன்னிரண்டு பேருக்கும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது உடம்பு இல்லை, அளவு. இது எங்களுக்குப் பாலபாடம்.

அளவில் தப்பு வர வழியில்லை என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு புதுக் குப்பியையும் அதற்கு முந்திய குப்பியோடு ஒப்பிட்டுத்தான் அனுப்புவோம். ஐந்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் தேறியது. மூன்று சதவீதம், நான்கு சதவீதம் என்று எல்லாமே தேறியிருந்தது. கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதினேழு தடவையும் வித்தியாசம் ஒரே பக்கமாக, மேல்நோக்கியே இருந்தது. முந்தியதோடு ஒப்பிட்டோமே தவிர, முதலாவதோடு ஒருதடவைகூட ஒப்பிடவில்லை. பிள்ளை வளர்வது தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்பார்கள். பிள்ளை வளர்க்காததால் எனக்கு அது தோன்றவில்லை போலிருக்கிறது.

உறைபெட்டியின் அடித்தட்டில் முதல் குப்பிகள் மூன்று மிச்சம் இருந்தன. ஒன்றை எடுத்து, இப்போதைய என் ரத்தத்தோடு சேர்த்துக் கருவியில் வைத்தேன்.

1.84.

கொடிகள் தெரிவதற்காக ரத்தத்தில் கலக்கிற சாயம் பழசாகியிருக்கும் என்று புதுச் சாயம் எடுத்தேன். 1.84. கருவியைத் துடைத்து வைத்தேன். 1.83. நாலாவது தடவை ஓட்டவில்லை.

அரிசி அளக்கிற படி வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே போனால், மூட்டையில் அரிசி குறைந்துவருவதாகத்தான் கணக்கு வரும். ஊரில் யாருடைய பழுதும் குறையவில்லை. ஆறும் சுத்தமாகவில்லை. என் பழுது ஏறியிருக்கிறது. என்னை ஒன்று என்று வைத்துக்கொண்டு ஏழு கோடிப் பேரை அளந்திருக்கிறார்கள்.

இரண்டாவது மாடிக்கு ஏறும்போது மூச்சு வாங்குவதும், ஊசி குத்திய இடம் பதினைந்து நாள் கருத்துக் கிடப்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. வயசு என்று நினைத்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ், தண்ணி கேன், எலெக்ட்ரீஷியன், இயக்குநர். பிறகு பெங்களூரில் இருக்கிற சித்தி மகள் வத்சலா. கூப்பிட்டேன்.

“கோமளாவா? என்னடி திடீர்னு? யாராவது தவறிட்டாங்களா?”

“இல்ல, அதெல்லாம் இல்ல. சும்மாதான்.”

“சும்மாவா?” என்று கேட்டாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அங்கே மழையா என்று கேட்டேன். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்றாள். வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை இயக்குநர் ஞானசேகரிடம் போய்ச் சொன்னேன். கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டார். முதலில் என் உடம்பைப் பற்றித்தான் விசாரித்தார், உடனே யாரையாவது பார்க்கச் சொன்னார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“மேடம், நாளைக்கே சரி பண்ணினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஒரே ராத்திரியில ஒவ்வொருத்தர் எண்ணும் ஏறத்தாழ ரெண்டு மடங்கு. ஊரே பதறிப்போயிடும். ஸ்கேன் எடுக்க மெஷின் இருக்கா நம்மகிட்ட?”

“வேற என்ன பண்றது?”

“மெதுவா பண்ணலாம். எப்படி இறங்குச்சோ அப்படியே ஏத்துவோம். வருஷத்துக்கு ஏழெட்டு சதவீதம். ஒன்பது வருஷத்துல பழைய இடத்துக்கு வந்துடும். யாரும் கவனிக்க மாட்டாங்க. குப்பியில உங்க பேரும் இல்ல. உங்களுக்கும் அதுதான் நல்லது.”

“அதுவரைக்கும் ரெண்டுக்குக் கீழ இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கறவங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சரி, உடனே மாத்தணும்னே வெச்சுக்குவோம். எதை வெச்சு மாத்துவீங்க? முதல் குப்பி ரெண்டு இருக்கு. இருநூத்திப் பன்னெண்டு மையத்துக்குப் பத்துமா? புது ஒப்புக்கு அம்பது பேர் வேணும். குழு போட்டு, ஆள் தேர்ந்தெடுத்து வர்றதுக்கே ரெண்டு வருஷம்” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு முழு நாள் நான் அவர் பக்கம்தான் இருந்தேன். சும்மா இருந்தால் போதும். என் பெயர் வெளியே வராது. என் வியாதியை நான் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், மற்ற எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்டது போல. ஆனால் 1.8-ஐ 1.84-ஆல் பெருக்கினால் 3.3 வருகிறது. மனக்கணக்காகவே வந்துவிட்டது. அந்த அம்மாள் இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

நான் குடியிருக்கிற அடுக்ககத்தில் முப்பத்தாறு வீடுகள். பதினோரு வருஷமாக இருக்கிறேன். லிஃப்டில் சிரிப்பதோடு சரி. ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் மாடியிலிருந்து தொடங்கினேன். முதல் கதவின் முன் நின்று நாலு தடவை மணியில் விரலை வைத்து எடுத்தேன். அங்கே சங்கச் செயலாளர் குடியிருந்தார், பேங்கில் ஓய்வு பெற்றவர், பெயர் வரதராஜ் என்று கதவில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

“வாங்கம்மா. மோட்டார் விஷயமா?”

“இல்ல சார். கொஞ்சம் ரத்தம் வேணும்.”

அவர் ஓரடி பின்னால் போனார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டார். கேட்டு முடித்ததும், “இத்தன வருஷமா எங்க எல்லாருக்கும் உங்க ரத்தந்தானா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களும் குடுத்திருப்பமே” என்றார்.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பி சூடு என்று சமாளித்தேன்.

சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு பேர் ஆனார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் திட்டினார். எதிரில் இருக்கிற அடுக்ககத்திலிருந்து வரதராஜ் மேலும் பதினாலு பேரைப் பிடித்துவந்தார். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். இரண்டு நாளில் கலவை தயாரானது, முதல் குப்பியோடு ஒப்பிட்டேன், 1.02.

புது ஒப்போடு ஒரு கடிதமும் எல்லா மையங்களுக்கும் போனது. அளவைத் திருத்தி அனுப்ப ஒப்புப் பிரிவின் தலைவர் என்ற முறையில் எனக்கு அதிகாரம் உண்டு, இயக்குநர் கையெழுத்து தேவையில்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டேன். இன்ன வருஷம் எடுத்த எண்ணை இதனால் பெருக்கவும் என்று ஒரு அட்டவணை, அதன் கீழே காரணம். ‘இதுவரை அனுப்பிய ஒப்பு ரத்தம் ஒரே ஆளுடையது. அந்த ஆளின் பழுது ஏறிவிட்டது. அந்த ஆள் நான்.’ பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேர் இல்லாமல் போயிருந்தால் மையத்துக்காரர்கள் தட்டச்சுப் பிழை என்று ஓரமாக வைத்திருப்பார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒரே வாரத்தில் லட்சக்கணக்கானவர்கள் இரண்டைத் தாண்டினார்கள். மையங்களின் வாசலில் மறியல் நடந்தது. நிச்சயமான கல்யாணங்கள் நின்றன. ஒரு தாய் என் நம்பரைத் தேடிப் பிடித்து, “எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா நீ?” என்று கேட்டார். நல்லா இருக்க மாட்டேன் என்றுதான் கருவியும் சொல்கிறது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஞானசேகர் ஒருமுறை போன் செய்தார். ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

மூன்று மாதம் கழித்து, ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பதற்கு எனக்கு நாள் கொடுத்தார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி. கூட்டம் படிக்கட்டுவரை நின்றது. பாதிப் பேர் என் கடிதத்தால் வந்தவர்கள் என்று அவர்கள் கையிலிருந்த புது அட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டுப் படிவத்தை நீட்டினார்.

“கூட யாரு வந்திருக்காங்க?”

“யாரும் வரல.”

“இதுக்கு மயக்க ஊசி போடுவோம்மா. முடிஞ்சதும் ஒரு மணி நேரம் பக்கத்துல ஆள் இருக்கணும். கையெழுத்தும் அவங்கதான் போடணும். வெளிய யாராவது இருந்தா கூப்பிடுங்க.”

“நானே போட்டுக்கலாமா?”

“நீங்களே உங்களுக்கு ஜாமீனா? ஆள் இல்லாம பண்ண மாட்டோம். இன்னொரு நாள் யாரையாவது கூட்டிட்டு வாங்க.”

வரதராஜைக் கூப்பிட்டிருக்கலாம். வந்திருப்பார். ஆனால் ரத்தம் கேட்டாகிவிட்டது, மறுபடி எப்படிக் கேட்பது என்று கேட்காமல் விட்டிருந்தேன். இது என் சுபாவம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாறிவிடாது. சரி என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“ஏனுங்க.”

சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் பாப்பாத்தி உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். சேலைக்கு மேலே ஒரு துண்டைப் போட்டு இடுப்புப் பக்கத்தை மறைத்திருந்தார். மகன் மருந்து வாங்க வரிசையில் நிற்பதாகச் சொன்னார்.

“அது நீங்கதானாமா? பேப்பர்ல போட்டிருந்தாங்க.”

“ஆமாம்மா.”

“எனக்கு மூணு புள்ளி மூணுன்னு வந்துச்சு. அன்னிக்கே ஸ்கேன் எடுத்தாங்க. மூத்திரப்பைய எடுத்துப்போட்டாங்க. இப்ப வெளிய ஒரு பை.” துண்டைத் தொட்டுக் காட்டினார். “ரெண்டு வருசம் முந்தி பாத்திருந்தா சொரண்டி எடுத்துட்டு அனுப்பியிருக்கலாம்னு டாக்டரு சொல்றாரு. ரெண்டே வருசம்.”

“என்னை மன்னிச்சிடுங்கம்மா” என்றேன். கையும் தானாகக் கூப்பிக்கொண்டது.

அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி மெதுவாக எழுந்தார். என்னைத் தாண்டி நர்ஸிடம் போனார்.

“அந்தக் காயிதத்தக் குடுங்க.”

“நீங்க யாரு அவங்களுக்கு? என்ன உறவு?”

“உறவெல்லாம் ஒண்ணுமில்ல. ஆளு வேணுமின்னீங்க. ஆளு நான்.”

நீலம் ஏறிய விரல்களால் பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஈரம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது.

“பொறுத்துப்போட்டன்னு நெனச்சுக்காதீங். உங்கள நாலு வார்த்த வெய்யாம நான் ஊட்டுக்குப் போவ மாட்டன். ஊசியக் குத்திப்போட்டு மெதுவா வாங்க. இங்கியே உக்காந்திருக்கறன்.”

உள்ளே குப்புறப் படுக்கச் சொன்னார்கள். இடுப்பில் குளிர்ச்சியாக எதையோ தடவினார்கள். அசையக் கூடாது, கொஞ்சம் நேரம் ஆகும் என்றார் டாக்டர்.

“சீக்கிரம் முடிஞ்சிடுமா டாக்டர்?” என்று கேட்டேன். “வெளியில எனக்காக ஒருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்க.”